ஈறு நோயும் நம் எதிர்ப்புச் சக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறு நோய் பற்றி நம்மவர்கள் கேட்கும்போது, பலர் "எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதான் ஈறு வீங்குது" என்ற முடிவோடுதான் தொடங்குகிறார்கள். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரிந்தால் நாம் செய்யவேண்டிய வேலையே மாறிவிடும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பது பொதுவான தகவல். உங்கள் வாயைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் பல் மருத்துவர்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. பிரஷ் குத்திவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமான ஈறு சாதாரணமாகத் துலக்குவதற்கெல்லாம் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிப்படலம் நாள்கணக்கில் தங்கினால், உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளை அணுக்கள் வெளியே வர வழி விடுகின்றன, மேல்தோல் மெலிந்துபோகிறது. அப்புறம் பிரஷ் லேசாகப் பட்டாலும் ரத்தம் கசியும். அதாவது ரத்தம் வந்தால், அங்கே எதிர்ப்பு அணுக்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

பலர் இங்கேதான் தவறான பக்கம் திரும்புகிறார்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள், படலம் இன்னும் தடிக்கிறது, வீக்கம் கூடுகிறது. மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துவைத்து, அந்த இடத்தையே கூடுதல் கவனத்தோடு துலக்குங்கள்.

1965-இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்பவரின் குழு 12 பேரைப் பல் துலக்குவதை முழுவதுமாக நிறுத்தச் சொல்லிக் கவனித்தது. 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது, திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சில நாள்களிலேயே போய்விட்டது. ஆரம்பக் கட்ட ஈறு அழற்சி முழுமையாகத் திரும்பக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியது வேறு இல்லை. ஆனால் இரண்டு வாரம் நன்றாகச் செய்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அடியில் படலம் கல் போன்ற காரையாக இறுகியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அப்போது நேரில் காட்டத்தான் வேண்டும்.

ஈறு நன்றாக இருக்கும்போது எதிர்ப்பு அணுக்கள் சும்மா இருக்குமா?

ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது. உடம்பின் தோல் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக மூடியிருக்கிறது, பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கடினமான பொருள் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. குளியலறைச் சுவரைத் துளைத்து வரும் குழாயைச் சுற்றி நீர் கசியாமல் பூசியிருப்பார்களே, பல்லைச் சுற்றி அப்படி ஒரு மெல்லிய திசு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது முழு அடைப்பு கிடையாது. அணுக்களுக்கு இடையே சின்னச் சின்ன இடைவெளி உண்டு, அதன் வழியாக நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் இரவும் பகலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்குக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே ரத்தத்திலிருந்து ஊறும் ஒரு திரவம் எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டுவந்து இடுக்கைக் கழுவுகிறது. உமிழ்நீரும் தன் பங்குக்கு ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதத்தைத் தருகிறது.

வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் எப்போதும் உண்டு, அவற்றை அறவே ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. இந்தக் காவல் அவற்றை ஓர் அளவுக்குள் வைத்திருக்கும்வரை நமக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

அப்படியானால் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது கிருமியா, நம் உடம்பா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. தொடங்கிவைப்பது கிருமி. கரைப்பதில் பெரும்பங்கு நம் உடம்பு.

கிருமிப்படலம் விலகாமல் இருந்தால் நியூட்ரோபில்கள் இன்னும் இன்னும் வருகின்றன. கிருமியை அழிக்க அவை கொட்டும் நொதிகளுக்குக் கிருமி எது, நம் திசு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எம்எம்பி-8 என்ற நொதி, பல்லையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கொலாஜன் நார்களையே அறுக்கிறது. இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் போன்ற தகவல் புரதங்கள் பக்கத்து அணுக்களையும் கிளப்பிவிடுகின்றன. கடைசியில் ராங்க்-எல் என்ற புரதம் கூடி, எலும்பைக் கரைக்கும் அணுக்களை எழுப்பிவிடுகிறது. எலும்பு கீழே இறங்க இறங்க, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஓர் ஆழம் உண்டாகிறது. அந்த ஆழத்தில் காற்று குறைவு, சிதைந்த திசுவே உணவு. அந்தச் சூழலை விரும்பும் கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அவை பெருகப் பெருக அழற்சியும் கூடுகிறது, இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது.

போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற கிருமி இதில் தனி ரகம். எண்ணிக்கையில் கொஞ்சமாகவே இருந்தாலும், நம் எதிர்ப்பு முறையின் சில சமிக்ஞைகளை அறுத்துக் குழப்பிவிடும். அந்தக் குழப்பத்தில் கிருமியைக் கொல்லும் வேலை தளர்கிறது, அழற்சி மட்டும் அப்படியே நிற்கிறது. மொத்தக் கிருமிக் கூட்டமும் அந்த மறைவில் பிழைத்துக்கொள்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. இந்த நோயில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பல் ஆடும்போதுதான் பலர் வருகிறார்கள், அதற்குள் எலும்பில் பெரும்பகுதி போயிருக்கும். போன எலும்பு, ஈறு வீக்கம் வடிவதைப்போலத் தானாகத் திரும்பாது.

என் வீட்டுக்காரர் சரியாகத் துலக்குவதே இல்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இவ்வளவு பார்த்தும் எனக்கு ஏன்?

நியாயமான ஆதங்கம். இதற்குப் பதில் கிடைத்தது தமிழர்களின் வாயிலிருந்துதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அதே ஹெரால்ட் லோவின் குழு 1970-இல் இலங்கைக்குப் போய், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களைக் கவனிக்கத் தொடங்கியது. மலையகத் தமிழர்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதினர். பல் துலக்கும் வழக்கமும் பல் சிகிச்சையும் அவர்களுக்கு இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும், எல்லோருடைய ஈறிலும் அழற்சி. 15 ஆண்டு முடிவுகள் 1986-இல் வெளியானபோது, எல்லோரும் ஒரே அளவு பாதிக்கப்பட்டிருக்கவில்லை. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது, அவர்களுக்கு 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகம், 45 வயதில் சராசரியாக 7 பற்கள் இழப்பு. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை.

ஒரே தோட்டம், ஒரே வாழ்க்கை, ஏறக்குறைய அதே அழுக்கு. ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். கிருமியின் அளவு மட்டுமே நோயைத் தீர்மானிக்கவில்லை, அதற்கு ஒவ்வொருவரின் உடம்பும் எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்துக்கு இது பெரிய வலு சேர்த்தது. உலகம் முழுக்க ஈறு நோய் படிக்கிற மாணவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்த மனிதர்களுக்குப் பல் சிகிச்சை என்பதே எட்டாமல் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் உடம்பு கொஞ்சம் கிருமிக்கே அதிகமாகக் கொந்தளிக்கும் வகையாக இருக்கலாம். அது உங்கள் குற்றம் இல்லை. மரபணுவும் இதில் உண்டு, அதனால் அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் போதுமான சுத்தம் உங்களுக்குப் போதாது, அவ்வளவுதான். கசப்பான செய்திதான், ஆனால் என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. (அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.)

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை, கஷாயம் எடுத்தால் ஈறு சரியாகுமா?

நேராகச் சொல்கிறேன்: ஆகாது. ஈறு நோயில் பெரும்பாலும் எதிர்ப்பு போதாமல் இல்லை, முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போவதுதான் சிக்கல். கிளப்பிவிடும் காரணத்தை எடுக்காமல் மேலும் கிளப்பி என்ன பயன்?

எதிர்ப்பு உண்மையிலேயே குறைந்தாலும் ஈறு கெடும் என்பதும் சரி. நியூட்ரோபில் எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கு, கட்டுப்படாத எச்ஐவி உள்ளவர்களுக்கு ஈறு மோசமாகலாம். நியூட்ரோபில்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேவர முடியாத ஓர் அரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிடும். காவல் இல்லாததால் கிருமி தின்றுவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். ஆனால் ஆராய்ந்தபோது, நியூட்ரோபில் வராத இடத்தில் இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞை அடங்காமல் கூடி, அதுவே எலும்பைக் கரைக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சமிக்ஞைக்கு முந்திய படியைத் தடுக்கும் மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்து ஈறு தேறியதை 2017-இல் வெளியிட்டார்கள். குறைவால் வந்தது என்று எண்ணிய நோய்கூட, அடங்காத அழற்சியாக முடிந்திருக்கிறது பாருங்கள்.

வைட்டமின் சி அறவே இல்லாமல் போனால் கொலாஜன் உருவாகாமல் ஈறு கெடும், அது ஸ்கர்வி. தினமும் கொய்யா, கீரை, காய்கறி சாப்பிடுகிறவர் அதற்குமேல் மாத்திரை எடுப்பதால் ஈறுப் பை மூடாது.

எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஈறுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு, அதுவும் இரண்டு பக்கமும். சிங்கப்பூரில் இது நம் சமூகத்துக்கு ரொம்பவே முக்கியம், ஏனென்றால் இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் சீனர்களிடையே இருப்பதைவிட அதிகம். 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததிலிருந்து சோறு, தே தாரிக், சீனி பற்றி எல்லோரும் பேசுகிறோம். கண், பாதம், சிறுநீரகம் பற்றியும் பேசுகிறோம். ஈறைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் அது புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி மாறிய புரதங்களைக் கண்டால் எதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறி அழற்சியைக் கிளப்பும். அதே நேரம் நியூட்ரோபில்களின் கிருமி கொல்லும் திறன் குறைகிறது, புண் ஆறுவதும் தாமதமாகிறது. சண்டை பெரிது, பலன் சிறிது. மறுபக்கம், ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கின்றன. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. சின்ன எண் மாதிரி இருக்கும், உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் அதைச் சின்னதாக நினைக்கமாட்டார். அதற்காக நீரிழிவு மருந்தை நீங்களாகக் குறைத்துவிட வேண்டாம்.

பல் மருத்துவரிடம் போகும்போது கடைசி ஹெச்பிஏ1சி எண்ணைச் சொல்லுங்கள். இப்போதைய வகைப்பாட்டில் அந்த எண் 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஈறு நோயை வேகமாக முன்னேறக்கூடிய தரத்தில் வைக்கிறார்கள். பலதுறை மருந்தகத்தில் கண்ணையும் பாதத்தையும் பார்க்கும் நாளில், ஈறில் ரத்தம் வருகிறது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

புகை பிடிக்கிறேன், ஆனால் ஈறில் ரத்தமே வருவதில்லை. நல்லதுதானே?

நல்லதில்லை. புகை, ஈறில் வழக்கமாக ரத்தம் கசிவதை அடக்கிவிடுகிறது, வெள்ளை அணுக்களின் வேலையையும் கெடுக்கிறது. உள்ளே எலும்பு கரையும், வெளியே எச்சரிக்கை இருக்காது. புகையை விட்ட புதிதில் சிலருக்கு ரத்தம் வர ஆரம்பிக்கும், பயந்து திரும்பப் பிடிக்க வேண்டாம். நாளுக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிப்பவர்களையும் மேலே சொன்ன வேகமான தரத்தில்தான் வைக்கிறார்கள். மின்சிகரெட் மாற்று வழி கிடையாது, குட்கா, கைனியும் அப்படியே, எல்லாமே இங்கே தடை செய்யப்பட்டவை.

கர்ப்பமாக இருக்கும்போது ஈறு வீங்குகிறதே?

ஹார்மோன் மாற்றத்தால் ஈறு அதே அளவு படலத்துக்குக் கூடுதலாக வீங்கும். கர்ப்ப காலத்தில் பல் சுத்தம் செய்யக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். செய்யலாம், செய்வது நல்லது. கர்ப்பம் என்பதை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து ஈறைப் பாதிக்குமா?

சில மருந்துகள் பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபைன், வலிப்புக்கான ஃபெனிடோயின், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்மேல் ஏறச் செய்யும். படலம் குறைவாக இருந்தால் இந்த வளர்ச்சியும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தயவுசெய்து நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்துப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்றலாமா என்பதை மருந்து கொடுத்த மருத்துவர் முடிவு செய்வார்.

ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே?

இதைக் கேட்டுப் பயந்து பல வருடம் போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், வீங்கிய ஈறும் கல் போன்ற காரையும் அந்த இழப்பை மூடி மறைத்திருக்கும். காரையை எடுத்ததும் வீக்கம் வடிந்து இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். ஸ்கேலிங் எலும்பைக் கரைக்கவில்லை, கரைய வைத்த காரணத்தை எடுத்திருக்கிறது. அழற்சி அடங்கிய பிறகு, லேசாக ஆடிய பற்கள் பல சமயம் இறுகவும் செய்யும்.

ஈறுப் பை ஆழமாக இருந்தால் மேலோட்டமான ஸ்கேலிங் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பக்கம்வரை சுத்தம் செய்வார்கள், சில வாரங்கள் கழித்துத் திரும்ப அளப்பார்கள். பையின் ஆழத்தைச் சொல்லும் உங்கள் எண்களைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் சரி, 4-உம் அதற்கு மேலும் ரத்தக் கசிவோடு இருந்தால் கவனம் தேவை. அப்புறம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால், பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். படலம் திரும்பத் திரும்ப உருவாகும், உங்கள் உடம்பும் திரும்பத் திரும்ப அதே மாதிரிதான் பதில் சொல்லும்.

ஆண்டிபயாடிக் எடுத்தால் போதாதா? உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய்?

கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கும்போது மருந்து உள்ளே சரியாக இறங்காது, அதைக் கையால் அகற்றத்தான் வேண்டும். சிலருக்கு மட்டும் சுத்தம் செய்வதோடு சேர்த்து ஆண்டிபயாடிக் கொடுப்பார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தால் கிருமியைக் கொல்லாது, திசுவை அறுக்கும் நம் நொதியைத்தான் அடக்கும். அப்படி ஒரு சிகிச்சையே இருப்பது, சேதத்தில் நம் உடம்பின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதம் தரும், நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் பழக்கமென்றால் செய்யுங்கள். இரண்டும் ஆழமான பைக்குள் போகாது. கிராம்பு வலியை மட்டும் மறைக்கும், அந்த மறைவில் நாள் கடத்தாதீர்கள். பல்லிடுக்கு பிரஷ் அல்லது ஃபிளாஸ், தினமும் ஒரு தடவை, இதுதான் வீட்டில் செய்யும் மிக முக்கியமான வேலை. கார்டியன், வாட்சன்ஸ் கடைகளில் பல அளவுகளில் கிடைக்கும், எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று பல் மருத்துவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

1950-களிலிருந்தே சேர்க்கிறார்கள், சொத்தைப் பல்லைக் குறைக்க அது பெரிய உதவி. ஈறு நோய்க்கு அது மருந்தில்லை. சொத்தையே இல்லாத பல்லும் எலும்பு கரைந்து விழலாம்.

செலவு? எங்கே போவது?

குடிமக்களுக்குச் சாஸ் (CHAS, சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களில் ஸ்கேலிங் போன்றவற்றுக்கு மானியம் உண்டு, ஆனால் எதற்கு உண்டு, எவ்வளவு என்பது அட்டையின் நிறத்தைப் பொறுத்து மாறும். முன்னோடித் தலைமுறைக்கும் மெர்டேக்கா தலைமுறைக்கும் தனி மானியம். பலதுறை மருந்தகங்களில் பல் பிரிவு இருக்கும் இடங்களில் காத்திருப்பு நீளும், ஆனால் அங்கிருந்து தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் பரிந்துரை பெறலாம். ஈறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். தொடங்கும் முன் எதற்கு எவ்வளவு, மானியம் போக எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகளுக்குச் சாஸ் கிடையாது. முதலாளியின் காப்புறுதியில் பல் உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்பை விசாரியுங்கள்.

என் மகளுக்குப் பதினாறு வயது. முன்பல் லேசாக ஆடுகிறது, வலி இல்லை, வாயும் சுத்தமாகத்தான் இருக்கிறது. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கூட்டிப் போங்கள். இளம் வயதில் முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் மட்டும் தாக்கி வேகமாக எலும்பைக் கரைக்கும் ஒரு வகை உண்டு. அழுக்கு அதிகம் தெரியாது, அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பல் அடிபட்டிருந்தாலோ பல் கிளிப் போட்டிருந்தாலோ ஆடலாம்தான், எது என்று எக்ஸ்ரேயும் ஈறு அளவும் சொல்லும். சீக்கிரம் பிடித்தால் பல்லைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால், தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் அதே நாளில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.